பயப்படத் தெரியாத எலி: ஸ்டத்மின் பரம்பரையலகு பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

வெள்ளவத்தையில் உயர்தரப் பிள்ளைகளுக்கு உயிரியல் படிப்பிக்கிறேன். பரம்பரையியல் வகுப்பில் ஒருநாள், மூளையில் ஒரேயொரு புரதம் இல்லாமல் பிறந்த எலிகள் வெட்டவெளியில் கவலையில்லாமல் உலாவிய கதையைச் சொன்னேன். பாடத்திட்டத்தில் இல்லாத விஷயம், பத்து நிமிடத்தில் முடித்துவிடலாம் என்றுதான் தொடங்கினேன். அன்றிரவு ஒரு தாய் தொலைபேசியில், “ரீச்சர், பயம் போறதுக்கு ஏதோ கண்டுபிடிச்சிட்டாங்களாமே, மகள் சொல்றா. சோதினை நேரத்துக்குக் குடுக்கலாமோ?” என்று கேட்டார். அடுத்த கிழமைக்குள் இன்னும் நாலைந்து பேர். ஒவ்வொருவருக்கும் தனித்தனியே சொல்லித் தொண்டை காய்ந்தபிறகு, கேட்ட கேள்விகளையும் நான் சொன்ன, சொல்ல மறந்த பதில்களையும் இங்கே எழுதி வைக்கிறேன்.

எந்தப் புரதம் அது?

பெயர் ஸ்டத்மின். 149 அமினோ அமிலங்கள் மட்டுமே கொண்ட சின்னப் புரதம். மனிதரில் அதற்கான பரம்பரையலகு 1ஆம் நிறமூர்த்தத்தில் இருக்கிறது, சுண்டெலியில் 4ஆம் நிறமூர்த்தத்தில். அஞ்சலோட்டக்காரர் ஆளுக்காள் தடியை மாற்றுகிற இடம் என்பதுபோன்ற பொருள்தரும் கிரேக்கச் சொல்லிலிருந்து பெயர் வந்தது. கலத்துக்கு வெளியிலிருந்து வரும் பல செய்திகள் இந்தப் புரதத்தில் கைமாறிப் போவதாகக் கருதினார்கள். புற்றுநோய் ஆய்வாளருக்கு இதே புரதம் வேறு பெயரில் பழக்கம்: லியூக்கேமியாக் கலங்களில் அளவுக்கு மிஞ்சிக் கிடந்ததால் ‘ஒன்கோபுரோட்டீன் 18’ என்றார்கள். ஒரே ஆளுக்கு வீட்டில் ஒரு பெயர், பள்ளிக்கூடத்தில் ஒரு பெயர் என்பது நமக்குப் புதிதல்லவே.

பயத்தோடு அதைச் சேர்த்துவைத்த ஆய்வு 2005 நவம்பரில் ‘செல்’ ஆய்விதழில் வந்தது. றட்கர்ஸ் பல்கலைக்கழகத்தின் கிளெப் ஷும்யாட்ஸ்கி தலைமை தாங்கினார். ஞாபகம் பற்றிய வேலைக்காக 2000ஆம் ஆண்டு நோபல் பரிசில் பங்குபெற்ற எரிக் கண்டெலும், ஹாவர்ட்டின் வாடிம் பொல்ஷகோவும் கூட்டு.

கலத்துக்குள் ஸ்டத்மினுக்கு என்ன வேலை?

இதைக் கொஞ்சம் நின்று பார்க்கவேண்டும். பலர் இந்த இடத்தைத் தாண்டிப்போய், நேரே “பயத்துக்கான பரம்பரையலகு” என்று முடித்துவிடுகிறார்கள்.

நரம்புக்கலத்துக்குள் நுண்புன்குழாய்கள் இருக்கின்றன. கலத்துக்கு வடிவம் தரும் சாரமும் அவைதான், பொருட்கள் ஏறிப்போகும் தண்டவாளமும் அவைதான். டியூபியுலின் என்ற புரதத் துண்டுகள் ஒன்றோடொன்று பூட்டி இவை நீளும், துண்டுகள் கழன்று குறுகும். காலி வீதியில் எந்தப் பக்கம் திரும்பினாலும் ஒரு மாடிக்கட்டடத்துக்குச் சாரம் கட்டியிருக்கிறார்கள். கட்டுகிறவன் மட்டும் இருந்து கழற்றுகிறவன் இல்லாவிட்டால் அந்தக் கட்டடம் எப்படி இருக்கும் என்று நினைத்துப்பாருங்கள்.

ஸ்டத்மின் கழற்றுகிறவன் பக்கம். ஒரு ஸ்டத்மின் மூலக்கூறு இரண்டு டியூபியுலின் சோடிகளைப் பிடித்து வைத்துக்கொள்ளும். பிடிபட்டவை குழாயில் போய்ச் சேரமாட்டா. ஸ்டத்மினில் நான்கு இடங்களில் பொஸ்பேற்றுக் கூட்டம் ஏற்றலாம். ஏற்றினால் பிடி தளரும், டியூபியுலின் விடுபடும், குழாய் வளரும். பொஸ்பேற்றை இறக்கினால் திரும்பப் பிடிக்கும். ஆக, நரம்புக்கலம் தன் சாரத்தைத் தளர்த்தவும் இறுக்கவும் வைத்திருக்கும் ஒரு கைபிடி இது.

இதற்கும் பயத்துக்கும் என்ன சம்பந்தம்? எதையாவது கற்கும்போது நரம்புக்கலங்களுக்கிடையிலான இணைப்புகள் மாறவேண்டும். சில பலக்கவேண்டும், அதற்கு வேண்டிய சாமான்கள் அந்த இடத்துக்குப் போய்ச்சேரவேண்டும். சாரம் இறுகியே கிடந்தால் மாற்றம் நடக்காது. ஷும்யாட்ஸ்கி குழுவினர் 2014இல் வெளியிட்ட இன்னொரு ஆய்வு இதை நன்றாகக் காட்டியது: கற்றவுடன் எலியின் மூளையில் நுண்புன்குழாய்கள் முதலில் தளர்கின்றன, சில மணித்தியாலங்கள் கழித்து உறுதிப்படுகின்றன. தளர்வதும் இறுகுவதும் ஸ்டத்மினில் தங்கியிருக்கிறது. வயதான எலிகளில் இந்தத் தாளம் குலைந்திருந்தது.

அப்படியானால் மூளை முழுவதும்தானே பாதிக்கப்படவேண்டும்? பயம் மட்டும் ஏன்?

வகுப்பில் ஒரு மாணவன் கேட்டது. நல்ல கேள்வி.

வளர்ந்த எலியின் மூளையில் ஸ்டத்மின் எல்லா இடத்திலும் ஒரே அளவில் இல்லை. அமிக்டலா என்ற, வாதுமைப் பருப்பு வடிவான பகுதியின் பக்கவாட்டில் அது செறிந்திருக்கிறது. சத்தம் போன்ற புலன்செய்திகளை அமிக்டலாவுக்குக் கொண்டுவரும் தலமசு, மூளை மேற்பட்டைப் பாதைகளிலும் நிறைய உண்டு. இட ஞாபகத்துக்குப் பேர்போன ஹிப்போகாம்பஸில் ஒப்பளவில் குறைவு. ஆகவே ஸ்டத்மினை எடுத்தால் முதலில் அடிபடுவது அபாயத்தை மதிப்பிடும் வலைப்பின்னல்.

இதை ஆய்வாளர்கள் வாயால் சொல்லிவிட்டுப் போகவில்லை. நீர்ச் சிக்கல்வழி என்றொரு சோதனை இருக்கிறது. கலங்கிய தண்ணீர்த் தொட்டியில் மறைந்திருக்கும் மேடையை எலி நீந்திக் கண்டுபிடிக்கவேண்டும். இது ஹிப்போகாம்பஸின் வேலை. ஸ்டத்மின் இல்லாத எலிகள் அதில் மற்றவற்றுக்குக் குறைந்துபோகவில்லை. மந்தமான எலி, நோஞ்சான் எலி என்று ஒதுக்கிவிட முடியாதபடி அந்தச் சோதனை வாசலை அடைத்துவிட்டது.

ஒரு பரம்பரையலகை எப்படி எடுக்கிறார்கள்?

முளைய மூலக்கலத்தில் அந்தப் பரம்பரையலகைக் குலைத்து, அந்தக் கலங்களை முளையத்துக்குள் செலுத்தி, பிறக்கும் எலிகளை இனங்கலந்து, இரண்டு பிரதியும் குலைந்த குட்டிகளைத் தெரிந்தெடுப்பார்கள். இந்த உத்திக்காக மாரியோ கப்பெக்கி, மார்ட்டின் எவன்ஸ், ஒலிவர் ஸ்மிதீஸ் மூவருக்கும் 2007இல் நோபல் பரிசு கிடைத்தது.

ஸ்டத்மின் இல்லாத எலிகள் 1996இலேயே வந்துவிட்டன. அப்போது பார்த்தவர்களுக்கு அவை சாதாரண எலிகளாகத்தான் தெரிந்தன: நன்றாக வளர்ந்தன, குட்டி போட்டன. ‘இந்தப் புரதம் இல்லாவிட்டாலும் பாதகமில்லை’ என்று அப்போதே முடிவுகட்டியிருக்கலாம். வெட்டவெளியில் விட்டுப்பார்க்க ஒன்பது வருடம் சென்றது. எலிக்கு என்ன குறை என்பது நாம் எங்கே விட்டுப் பார்க்கிறோம் என்பதைப் பொறுத்தது. நடுவே 2002இல் இன்னொன்றும் தெரியவந்தது: இந்த எலிகள் முதுமையடையும்போது நரம்பு நார்கள் சிதைகின்றன.

எலி பயப்படுகிறது என்று எப்படிக் கண்டுபிடிப்பது? அதுவா வந்து சொல்லும்?

சொல்லாது. அது எங்கே எவ்வளவு நேரம் நிற்கிறது என்பதைத்தான் எண்ண முடியும். எலி இரு மனதுள்ள பிராணி. புது இடத்தைக் கண்டால் மோந்து பார்க்கவேண்டும் என்ற துடிப்பு ஒருபக்கம், வெளிச்சத்திலும் வெட்டையிலும் நின்றால் பருந்துக்கும் பூனைக்கும் இரை என்ற கூச்சம் மறுபக்கம். சோதனைகள் எல்லாம் இந்த இழுபறியை அளப்பவை.

பழையது திறந்தவெளிச் சோதனை. கல்வின் ஹோல் 1934இல் எலிகளின் உணர்ச்சிவசப்படும் தன்மையை அளக்கக் கையாண்டார். நாலு பக்கமும் சுவர் வைத்த, வெளிச்சமான ஒரு வெற்றுப் பெட்டி. எலியை உள்ளே விட்டால் சுவரோடு ஒட்டி ஒட்டிச் சுற்றும், நடுவுக்கு வராது. காலிமுகத்திடலுக்கு முதன்முதல் கூட்டிப்போன குழந்தையைப் பாருங்கள். கொஞ்சநேரம் தாயின் சேலைத்தலைப்பு, பிறகு இறால் வடை வண்டி வரைக்கும் நாலடி, திரும்பத் தாய். பட்டம் விடும் பிள்ளைகள் நடுப்புல்லில் நிற்பது எத்தனையோ தடவை வந்துபோன பிறகு. எலியும் நேரம் போகப் போக நடுவுக்கு வரும். எவ்வளவு விரைவில், எவ்வளவு நேரம் என்பதுதான் கணக்கு.

அடுத்தது உயர்த்திய சிலுவை வழி. நிலத்திலிருந்து ஏறத்தாழ அரை மீற்றர் உயரத்தில் கூட்டல் குறி வடிவில் நாலு கை. இரண்டு கைகளுக்குச் சுவர் உண்டு, மற்ற இரண்டும் வெறும் பலகை. எலியை நடுவில் வைத்து, வழக்கமாக 5 நிமிடம் பார்ப்பார்கள். சாதாரண எலி சுவருள்ள கைகளில்தான் பெரும்பகுதி நேரத்தைக் கழிக்கும். 1980களின் நடுவில் இந்தச் சோதனை நிலைபெற ஒரு காரணம் இருக்கிறது: மனிதரின் பதகளிப்பை, அதாவது மனப்பதற்றத்தை, தணிக்கும் டயசிபாம் போன்ற மருந்துகளைக் கொடுத்தால் எலியும் திறந்த பலகைக்குக் கூடுதலாகப் போகிறது.

மூன்றாவது வகை, கற்ற பயம். ஒரு சத்தம், அதன் முடிவில் காலுக்குச் சின்ன மின்னதிர்ச்சி. சில தடவைக்குள் எலி படித்துவிடும். மறுநாள் வெறும் சத்தம் கேட்டாலே அசையாமல் உறைந்து நிற்கும். எத்தனை செக்கன் உறைந்தது என்று எண்ணுவார்கள். கொழும்பில் எங்கள் தலைமுறைக்கு இதை விளக்கத் தேவையில்லை. 1996 ஜனவரி 31இல் மத்திய வங்கியில் குண்டு வெடித்தபோது கோட்டையில் வேலையில் நின்ற என் மாமா, இன்றைக்கும் சித்திரை வருசப்பிறப்புக்குப் பக்கத்து வீட்டில் சீன வெடி கொளுத்தினால் கண்ணாடி ஜன்னலை விட்டு விலகி உள்ளறைக்குப் போய்விடுவார். அது வெடி என்று அவருக்குத் தெரியும். தெரிந்தும் கால் போகும்.

ஸ்டத்மின் இல்லாத எலிகள் என்ன செய்தன?

கற்ற பயம், பிறவிப் பயம் இரண்டும் அவற்றில் குறைந்திருந்தன. சத்தத்தையும் அதிர்ச்சியையும் சேர்த்துக் கற்பித்தால், மறுநாள் உறைதல் சாதாரண எலிகளைவிடக் குறைவு. கற்காமலே பிறவியில் வரும் பயமும் குறைவு: திறந்தவெளியின் நடுவிலும் சிலுவையின் சுவரில்லாத கைகளிலும் கூடுதல் நேரம் உலாவின. அமிக்டலாவைத் துண்டாக வெட்டியெடுத்து மின்பதிவு செய்தபோது, ஒரே சமயத்தில் துடிக்கும் கலங்களின் இணைப்பு நீடித்துப் பலப்படும் நிகழ்வும் குன்றியிருந்தது. மூலக்கூறு, இணைப்பு, நடத்தை என்று மூன்று படியிலும் ஒரே கதை வருவதால்தான் இந்த ஆய்வை வகுப்பில் சொல்ல எனக்குப் பிடிக்கும். பல ஆய்வுகளில் நடுப்படி இருக்காது.

ஓடித்திரிந்தது என்றால் பயமில்லை என்று அர்த்தமா? சும்மா துடியாட்டமாகவும் இருக்கலாமே?

இருக்கலாம். எலி நடத்தை ஆய்வுகளில் ஆகக்கூடுதலாகச் சறுக்கும் இடம் இதுதான்.

ஓய்வில்லாமல் ஓடும் எலி, ஓடுகிற வேகத்தில் நடுவையும் பத்துத்தரம் கடக்கும். அதைப் பார்த்துப் ‘பதகளிப்புக் குறைந்தது’ என்று எழுதினால் பிழை. அதேபோல நோயில் சோர்ந்து மூலையில் கிடக்கும் எலியைப் ‘பயந்த எலி’ என்று எழுதுவதும் பிழை. அதனால் கவனமானவர்கள் திறந்த கைக்குள் எத்தனைதரம் போனது என்ற எண்ணிக்கையோடு நிற்பதில்லை. மொத்தமாகப் போன தடவைகளில் அது எத்தனை விகிதம் என்று பார்ப்பார்கள். மூடிய கைகளுக்குள் போன தடவைகளைத் தனியே எண்ணினால் பொதுவான சுறுசுறுப்பு தெரியும். மொத்தத் தூரத்தையும் அளந்து பக்கத்தில் வைப்பார்கள்.

இன்னொரு வில்லங்கம்: உயர்த்திய சிலுவையில் ஒரு எலியை ஒரு தடவைதான் நம்பிச் சோதிக்கலாம். இரண்டாம் தடவை அது வேறு எலி. இடம் தெரிந்துவிடும், டயசிபாம்கூட முதல் தடவைபோல் வேலை செய்யாது.

உலாவலும் பதகளிப்பும் ஒரே தராசின் இரண்டு தட்டு, ஒன்று இறங்கினால் மற்றது ஏறும் என்று சில புத்தகங்கள் சொல்கின்றன. எனக்கு அது முழுச் சம்மதமில்லை. புதுமை என்பது ஒரேநேரத்தில் ஆவலையும் அச்சத்தையும் எழுப்பும் என்று 1950களிலேயே மொன்ட்கொமரி என்ற ஆய்வாளர் வாதிட்டார். திறந்த பலகையில் நிற்கும் எலி அச்சம் குறைந்து நிற்கலாம், ஆவல் மிகுந்தும் நிற்கலாம். இரண்டையும் பிரிக்க ஒரு சோதனை போதாது. ஸ்டத்மின் விஷயத்தில் கற்ற பயமும் சேர்ந்து குறைந்ததால் அச்சத்தின் பக்கம் சாட்சி பலமாக இருக்கிறது.

எங்கள் குசினியில் வரும் எலிக்கு ஸ்டத்மின் இல்லையோ? லைட் போட்டாலும் அசையுதில்லை.

இருக்கிறது. உங்களை நன்றாகப் படித்து வைத்திருக்கிறது, அவ்வளவுதான். அது ஓடும்போது பாருங்கள், அலுமாரியின் அடியால், சுவரோடுதான் ஓடும். எலிப்பொறியைச் சுவரோரம் வைக்கச் சொல்வது இதனால்தான்.

அப்போ ஸ்டத்மின் இல்லாத எலி துணிச்சலானது என்று சொல்லலாமா?

மாணவர்களில் பாதிப்பேருக்கு இந்த எலி ஒரு கதாநாயகன். எனக்கு அப்படித் தோன்றவில்லை. காரணம் 2008இல் வந்த அடுத்த ஆய்வு.

ஷும்யாட்ஸ்கியும் சகாக்களும் ஸ்டத்மின் இல்லாத பெண் எலிகளைக் கவனித்தார்கள். கூட்டுக்கு வெளியே சிதறிக்கிடக்கும் குட்டிகளை வாயில் கவ்விக்கொண்டு கூட்டுக்குச் சேர்ப்பது எலித் தாய்க்கு இயல்பு. குட்டி பெறாத பெண் எலிகூடப் பலசமயம் செய்யும். இந்த எலிகளுக்கு அந்த முனைப்பு இல்லை. கூடு கட்டுவதற்குப் பாதுகாப்பான இடத்தைத் தெரியவும் அவற்றால் முடியவில்லை. ஆனால் வளர்ந்த மற்ற எலிகளோடு பழகுவதில் சாதாரண எலிகளையும் மிஞ்சின. சாதாரண பெண் எலிகளின் அமிக்டலாவில் அதே பகுதியை அழித்துப் பார்த்தபோதும் இதே மாதிரிதான் நடந்தது. ஆகவே கோளாறு தாய்மைக்கான வேறேதோ சுரப்பியில் இல்லை, அபாயத்தை எடைபோடும் இடத்திலேயே இருந்தது.

முன்பின் தெரியாதவரோடு சிரித்துப் பேசிக்கொண்டு, குழந்தையைக் கடற்பக்கத் தண்டவாளத்தருகே விட்டுவிட்டு நிற்கும் ஒருவரைத் துணிச்சல்காரர் என்போமா? வெள்ளவத்தைக்காரருக்கு அந்தத் தண்டவாளம் எவ்வளவு கிட்ட என்று தெரியும். என் அம்மம்மா ரயில் சத்தம் கேட்க முதலே எங்கள் கையைப் பிடித்துவிடுவார். அவரைப் பயந்தாங்கொள்ளி என்று சித்தப்பா பகிடி பண்ணுவார். பேரப்பிள்ளைகள் ஏழு பேரையும் முழுசாக வளர்த்துக் கொடுத்தது அந்தப் பயம்தான்.

துணிச்சல் என்றால் ஆபத்து தெரிந்தும் போவது. ஸ்டத்மின் இல்லாத எலிக்கு ஆபத்து தெரியவில்லை. 2005 ஆய்வுக்கட்டுரையும் ‘பயமற்ற’ என்பதைவிட, ‘ஆபத்தை இனங்காணத் தவறுகின்றன’ என்ற பொருளிலேயே எழுதுகிறது.

எலிக்கு உண்மையிலேயே பதகளிப்பு என்ற உணர்வு இருக்கிறதா?

இதில் அறிஞர்களே ஒத்துப்போவதில்லை. அமிக்டலாவைப் பற்றி வாழ்நாள் முழுக்க ஆராய்ந்த ஜோசப் லெடூ, தான் எலியில் அளந்தது பயம் என்ற அனுபவத்தை அல்ல, அபாயத்தைக் கண்டு தற்காத்துக்கொள்ளும் செயற்பாட்டை என்று பிற்காலத்தில் வற்புறுத்தினார். உறைந்து நிற்பது வேறு, நெஞ்சு படபடக்க “எனக்குப் பயமாக இருக்கிறது” என்று உணர்வது வேறு என்பது அவர் கட்சி.

மனிதரிலும் இதற்கு ஒரு விசித்திரமான சாட்சி உண்டு. அரிய பரம்பரை நோயால் இரண்டு பக்க அமிக்டலாவும் அழிந்துபோன ஒரு பெண்ணை அமெரிக்காவின் ஐயோவாவில் பல வருடங்களாக ஆராய்ந்தார்கள். பாம்புக்கோ இருளுக்கோ அவர் அசையவில்லை. ஆனால் காபனீரொட்சைட்டு கூடிய காற்றைச் சுவாசிக்கக் கொடுத்தபோது திகிலில் திணறிப்போனார். 2013இல் வெளிவந்த முடிவு இது. அமிக்டலா இல்லாமலும் ஒருவகைப் பயம் வரும். நான் வகுப்பில் அமிக்டலாவைப் ‘பயத்தின் இருப்பிடம்’ என்று பல வருடம் சொல்லிவந்தேன். இப்போது சொல்வதில்லை.

இதைப் ‘பயப் பரம்பரையலகு’ என்று பத்திரிகைகள் எழுதினவே?

எழுதின. எழுத வசதியான தலைப்பு. ஸ்டத்மின் ஒரு குழாய்த் திருத்துனர். பயத்தைப் பற்றி அதற்கு ஒன்றும் தெரியாது. அமிக்டலாவில் வேலை செய்வதால் அங்கே நடக்கும் வேலை பாதிக்கப்படுகிறது.

அதைவிட, இந்த வேலையில் அது தனியாளும் இல்லை. இதே குழு 2002இல் வேறொரு புரதத்தை ஆராய்ந்தது: காஸ்ட்ரின் வெளிவிடு பெப்தைட்டு என்று நீளமான பெயர். கலத்தில் அதன் செய்தியைப் பிடிக்கும் வாங்கி இல்லாத எலிகளில் கற்ற பயம் கூடியது, நீண்டகாலம் நிலைத்தது. ஸ்டத்மினை எடுத்தால் குறைகிறது, இதை எடுத்தால் கூடுகிறது. வாகனத்தில் பிறேக்கும் அக்சிலறேற்றரும் உண்டு, அவற்றைவிட நூறு உதிரிப்பாகங்களும் உண்டு.

ஒரு ஆய்வுகூடத்தில் வந்த முடிவு இன்னொன்றிலும் வருமா?

எப்போதும் வராது. 1999இல் ஜோன் கிரப்பும் இரு சகாக்களும் ஒரு காரியம் செய்தார்கள். ஒரே இன எலிகள், ஒரே வயது, ஒரே மாதிரி உபகரணம், ஒரேநாள் ஒரேநேரம், ஆனால் மூன்று ஊர்கள்: கனடாவின் எட்மன்டன், அமெரிக்காவின் அல்பனி, போர்ட்லண்ட். முடிந்தவரை எல்லாவற்றையும் சமப்படுத்தியும் சில சோதனைகளில் ஊருக்கு ஊர் விடை மாறியது. உயர்த்திய சிலுவை வழி அவற்றில் ஒன்று. 2014இல் மொன்றியலில் ஜெஃப்ரி மொகில் குழு கண்டது இன்னும் சுவாரசியம்: பரிசோதிப்பவர் ஆணா பெண்ணா என்பது எலிக்கு மணத்தில் தெரிகிறது, ஆண் வாடைக்கு அதன் மன அழுத்தம் ஏறுகிறது. ஆண் அணிந்து கழற்றிய ரீ-சேட் பக்கத்தில் கிடந்தாலே போதும்.

இதற்கும்மேல் பரம்பரையியல் மாணவர் கவனிக்கவேண்டிய ஒன்று. நீண்டகாலம் முளைய மூலக்கலங்களை ‘129’ என்ற எலி இனத்திலிருந்து எடுத்தார்கள், பிறகு ‘சி57 பிளாக் 6’ என்ற கறுப்பு எலியோடு கலந்தார்கள். இரண்டு இனத்துக்கும் பிறவியிலேயே குணம் வேறு, 129 அவ்வளவாக உலாவாது. குலைத்த பரம்பரையலகின் அக்கம்பக்கத்தில் 129இன் துண்டு ஒட்டிக்கொண்டே வரும். அப்போது நாம் காணும் மாற்றம் யாருடையது, எடுத்த பரம்பரையலகினுடையதா, பக்கத்து வீட்டுக்காரருடையதா? 1996இல் றொபர்ட் கெர்லாய் எழுப்பிய இந்தக் கேள்வியைத் தீர்க்கத்தான் பல தலைமுறைக்குக் கறுப்பு எலியோடே திரும்பத் திரும்பக் கலந்து மீள்கலப்பு செய்கிறார்கள், உடன்பிறந்த சாதாரண எலிகளோடு ஒப்பிடுகிறார்கள்.

மனிதரிலும் இப்படியா?

மனிதருக்கும் ஸ்டத்மின் உண்டு. 2010இல் ஆரோக்கியமானவர்களில் நடத்திய ஓர் ஆய்வு, ஸ்டத்மின் பரம்பரையலகின் சில எழுத்து வேறுபாடுகளுக்கும், திடுக்கிடும் அனிச்சை, மன அழுத்தத்தில் ஏறும் கோர்ட்டிசோல் ஆகியவற்றுக்கும் தொடர்பிருப்பதாகச் சொன்னது. நான் இதை நம்பாமல் விடவில்லை, நம்பி ஏறவும் இல்லை. தெரிந்தெடுத்த ஒரு பரம்பரையலகைச் சிறிய தொகையினரில் சோதிக்கும் இவ்வகை ஆய்வுகள் பல பிற்பாடு நிலைக்கவில்லை. மனச்சோர்வுக்குப் பேர்போன 18 பரம்பரையலகுகளை 2019இல் பெருந்தொகையினரில் சோதித்தபோது, கண்ணை மூடிக்கொண்டு எடுத்த பரம்பரையலகுகளைவிட அவை எந்த வகையிலும் விசேடமாக இருக்கவில்லை.

இரட்டையர் ஆய்வுகளின்படி பொதுப் பதகளிப்புக் கோளாறில் பரம்பரையின் பங்கு ஏறக்குறைய மூன்றில் ஒன்று. அந்தப் பங்கும் ஏராளமான பரம்பரையலகுகளுக்கிடையில் துளித்துளியாகப் பிரிந்து கிடக்கிறது.

ஸ்டத்மினைக் குறைக்கும் குளிசை வருமா?

பயத்துக்கென்று அப்படி ஒன்று இல்லை. ஸ்டத்மின் உடம்பில் பல இடங்களில், முக்கியமாகப் பிரியும் கலங்களில் வேலை செய்கிறது. முதுமையில் நரம்பு நார் சிதைந்த எலிகளை மேலே சொன்னேன். நுண்புன்குழாயில் கைவைக்கும் மருந்துகள் ஏற்கெனவே புழக்கத்தில் உண்டு, ஆனால் புற்றுநோய்க்கு: வீட்டு முற்றத்துப் பட்டிப்பூச் செடியிலிருந்து வரும் வின்கிறிஸ்டின் ஒன்று. அதைப் பெற்ற நோயாளிகளுக்குக் கைகால் விறைப்பது அறிந்த பக்கவிளைவு, நரம்புக்கும் அதே குழாய்கள்தான் ஆதாரம். சோதினைப் பயத்துக்கு இந்த வழியில் யாரும் வரமாட்டார்கள்.

“என்ர மகன் சரியான பயந்த சுபாவம், ரீச்சர். பரம்பரையலகு ரெஸ்ட் ஒன்று செய்து பார்க்கலாமோ?”

வேண்டாம், அக்கா. காசு போகும், விடை வராது. அவன் வகுப்பில் கேள்வி கேட்கக் கூச்சப்படுகிறான், ஆனால் செய்முறையில் முதல் ஆள். அது நோயில்லை. நித்திரை குழம்பினால், சாப்பாடு இறங்காவிட்டால், பள்ளிக்கூடம் போகவே மறுத்தால் அது வேறு கதை. அப்போது குடும்ப வைத்தியரிடம் கூட்டிப்போங்கள், அவர் மனநல வைத்தியரிடம் அனுப்பத் தயங்கமாட்டார். தேசிய மனநல நிறுவனத்தின் 1926 என்ற இலக்கத்துக்கும் எடுக்கலாம். கற்ற பயத்தைப் படிப்படியாகத் தணிக்கும் பேச்சுவழிச் சிகிச்சைகள் நன்றாக வேலை செய்கின்றன. பழைய பயம் அழிவதில்லை, ‘இப்போது ஆபத்தில்லை’ என்ற புதுப் பாடம் அதன்மேல் எழுதப்படுகிறது. இதுவும் எலிகளில் சத்தத்தை அதிர்ச்சியில்லாமல் திரும்பத் திரும்பக் கேட்கவைத்துக் கற்றதுதான்.

இது சோதினைக்கு வருமா?

வராது. நுண்புன்குழாய் வரும். விட்டம் 25 நானோமீற்றர், உள்ளீடற்றது, டியூபியுலினால் ஆனது. அதைப் பாடமாக்குங்கள்.